மஞ்சள் மாறாத குழந்தைக்கு 60 நாள் கெடு

தாராவியில் ஒற்றை அறை வீடு. சுவரில் முருகன் படம் போட்ட காலண்டர். அதில் ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறது. அன்றுதான் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில், மாமனார் வீட்டில், தலைச்சன் பிள்ளை பிறந்தது.

தகப்பனார் தோல் பட்டறைத் தொழிலாளி. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போன மனைவி, பிள்ளைக்கு மூன்று மாதம் ஆன பிறகுதான் மும்பை திரும்புவாள். அதுவரை போனில்தான் பேச்சு.

பிறந்து பத்தாம் நாள் மாமியார் சொல்கிறார்: "பிள்ளை கொஞ்சம் மஞ்சளாத் தெரியுது மாப்பிள்ளை. பயப்பட ஒண்ணுமில்லே. காலை வெயில்லே காட்டுறோம்."

முப்பதாம் நாள்: "மஞ்சள் இன்னும் முழுசா மாறலே. ஆனா பிள்ளை நல்லாப் பால் குடிக்குது."

அறுபதாம் நாள்: "கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கச் சொன்னாங்க, குடுக்கிறோம்."

தொண்ணூற்று ஐந்தாம் நாள், தாயும் பிள்ளையும் ரயிலிலிருந்து இறங்குகிறார்கள். பிள்ளையின் கண் மஞ்சள். வயிறு உப்பியிருக்கிறது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓடுகிறார்கள். டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: "குழந்தையின் மலம் என்ன நிறம்?"

"வெள்ளையாத்தான் போகுது டாக்டர். ரொம்ப நாளாவே அப்படித்தான்."

இது கற்பனைக் குடும்பம். ஆனால் இதே வரிசையில், இதே தாமதத்துடன் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு வந்து சேரும் குழந்தைகள் உண்மையிலேயே உண்டு. அந்தத் தாயும் பாட்டியும் குழந்தையைக் கண்ணுக்குள் வைத்துத்தான் பார்த்துக் கொண்டார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. பச்சைக் குழந்தையின் மலம் வெளுத்துப் போனால், அது நாள் எண்ணிச் செய்ய வேண்டிய வைத்தியத்துக்கு அறிகுறி என்பதே அது.

எல்லா மஞ்சளும் நோயல்ல

முதலில் பயத்தைப் போக்கிவிடலாம். நிறை மாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் பத்துக்கு ஆறு பேருக்கு முதல் வாரத்தில் உடம்பு சற்று மஞ்சளாகும். பழைய ரத்த அணுக்கள் உடையும்போது 'பிலிரூபின்' என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. அதை வெளியேற்ற வேண்டியது கல்லீரல். பிறந்த குழந்தையின் கல்லீரல் அந்த வேலையைப் பழகிக் கொள்ளச் சில நாட்கள் ஆகும். அதற்குள் தோலில் மஞ்சள் தெரிகிறது. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் மறைந்துவிடும்.

முதல் வாரத்திலேயே மஞ்சள் மிகவும் அதிகமானால், டாக்டர்கள் குழந்தையை நீல விளக்கின் கீழே படுக்க வைப்பார்கள். அதுவும் சில நாட்களில் சரியாகிவிடும்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் சில குழந்தைகளுக்கு மஞ்சள் இன்னும் சில வாரம் நீடிப்பதும் உண்டு. அந்தக் குழந்தைகளின் மலம் மஞ்சளாகவே இருக்கும். சிறுநீர் தண்ணீர் போல் இருக்கும். அதனால் கெடுதல் இல்லை. தாய்ப்பாலை நிறுத்தவும் வேண்டியதில்லை.

ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் மாறாத குழந்தைகளில் சிலருக்கு வேறு காரணம் இருக்கிறது. குறைமாதக் குழந்தையானால் மூன்று வாரம் என்று கணக்கு. அந்தச் சிலரைக் கண்டுபிடிக்கத்தான் அவசரம்.

பித்தம் போகாத குழாய்

கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது. அது மெல்லிய குழாய்கள் வழியாகக் குடலுக்கு வருகிறது. நாம் சாப்பிடும் கொழுப்பை ஜீரணிக்க அது வேண்டும். மலத்துக்கு மஞ்சளும் பழுப்பும் ஏறுவது பித்தநீரால்தான்.

சில குழந்தைகளுக்கு, கருவிலோ பிறந்த சில நாட்களிலோ, கல்லீரலுக்கு வெளியே உள்ள அந்தக் குழாய்கள் வீங்கித் தழும்பாகி மூடிக் கொள்கின்றன. இதற்கு 'பிலியரி அட்ரீசியா' என்று பெயர். பித்தக் குழாய் அடைப்பு என்று சொல்லலாம். காரணம் முழுமையாகத் தெரியவில்லை. தாய் கர்ப்பத்தில் எதைச் சாப்பிட்டாள், எதைச் சாப்பிடவில்லை என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. யார் மேலும் பழி போட வேண்டியதில்லை.

குழாய் மூடினால் பித்தநீர் கல்லீரலிலேயே தேங்குகிறது. தேங்கிய பித்தநீர் கல்லீரலை அரிக்கிறது. வாரத்துக்கு வாரம் கல்லீரல் கெட்டிப்படுகிறது. வைத்தியம் இல்லாமல் விட்டால், இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

இது அடிக்கடி வரும் நோயல்ல. ஐரோப்பாவில் சுமார் 15,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒன்று என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கிழக்காசியாவில் இதைவிட அதிகம். ஆனால் குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்று ஆபரேஷன் செய்ய நேரும் காரணங்களில் உலகெங்கும் முதலிடம் இந்த நோய்க்குத்தான்.

ஏமாற்றும் குணம் இந்த நோய்க்கு உண்டு. குழந்தை நல்ல எடையோடு பிறக்கும். பால் குடிக்கும். சிரிக்கும். முதல் இரண்டு மாதம் நோயாளி போலவே தெரியாது. கருவில் நிறம் கொண்டிருந்த மலம், சில வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளுக்கும். "பிள்ளை நல்லாத்தானே இருக்கு" என்று வீட்டார் நினைப்பது இயற்கை.

வீட்டிலேயே பார்க்கலாம்

இந்த நோயின் இரண்டு முக்கிய அடையாளங்களும் குழந்தையின் துணியிலேயே இருக்கின்றன.

ஒன்று, மலத்தின் நிறம். மஞ்சள் தூள் கரைத்தது போல, பச்சையாக, பழுப்பாக இருந்தால் நல்லது. பித்தநீர் குடலுக்கு வருகிறது என்று அர்த்தம். சுண்ணாம்பு போல, களிமண் போல, அரைத்த உளுந்து மாவு போல வெளுத்திருந்தால் ஆபத்து. வெளிறிய மஞ்சளாக, சந்தன நிறமாக இருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒற்றை அறை வீடுகளில் பகலிலும் டியூப் லைட் வெளிச்சம்தான். அதில் நிறம் சரியாகத் தெரியாது. துணியை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒரு நாள் பார்த்தால் போதாது. இரண்டு மாதம் முடியும்வரை பார்த்து வர வேண்டும்.

இரண்டு, சிறுநீரின் நிறம். பச்சைக் குழந்தையின் சிறுநீர் தண்ணீர் போல நிறமில்லாமல் இருக்கும். வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை படிந்தால், அது சாதாரணமல்ல.

இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும், மஞ்சள் இரண்டு வாரம் தாண்டினாலும், ஒரு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பிலிரூபினை 'டோட்டல்' என்றும் 'டைரக்ட்' என்றும் இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் சாதாரணப் பரிசோதனைதான். சிறிய ஊர்களிலும் செய்கிறார்கள். சீட்டில் 'டைரக்ட்' என்ற வரியைப் பாருங்கள். அது 1 மில்லிகிராமுக்கு மேலே இருந்தால், அந்தக் குழந்தையைக் குழந்தைகள் கல்லீரல் நிபுணர் பார்த்தாக வேண்டும். 'டோட்டல்' மட்டும் பார்த்து, "குறைந்து வருகிறது" என்று திருப்தி அடைந்துவிடக் கூடாது.

வெயிலில் காட்டுவதும் நீல விளக்கும் இந்த வகை மஞ்சளைக் குறைக்காது. கீழாநெல்லியோ வேறு மூலிகையோ மூடிய குழாயைத் திறக்காது. பாட்டி வைத்தியத்தைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த வைத்தியம் நடக்கும் நாட்கள் கையை விட்டுப் போகின்றன என்பதே கவலை.

ஜப்பானில் பிறந்த வழி

1950-களுக்கு முன்பு, பித்தக் குழாய் அடைப்பு என்று கண்டுபிடித்தாலும் டாக்டர்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. வயிற்றைத் திறந்து பார்த்து, குழாயே இல்லை என்று தெரிந்து, மூடிவிடுவார்கள்.

1955-ல் ஜப்பானில் செண்டாய் நகரத்து டோஹோகு பல்கலைக்கழகத்தில் டாக்டர் மோரியோ கசாய் ஒரு புதிய வழி கண்டார். மூடிப் போன குழாய்களை வெட்டி எடுத்துவிட்டு, கல்லீரலின் வாசல் போன்ற இடத்தில் சிறுகுடலை நேராகக் கொண்டுபோய்த் தைத்தார். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழாய்களிலிருந்து பித்தநீர் கசிந்து குடலில் இறங்கியது. குழந்தையின் மலம் நிறம் பெற்றது. 1959-ல் ஜப்பானிய மொழியில் இதை எழுதினார். 1968-ல் ஆங்கிலத்தில் வந்த பிறகே உலகம் கவனித்தது. இன்றும் இந்த ஆபரேஷனுக்கு 'கசாய் ஆபரேஷன்' என்றுதான் பெயர்.

இந்த ஆபரேஷனின் ரகசியம் நாள் கணக்கில் இருக்கிறது. பிறந்து 60 நாளுக்குள் செய்தால் பித்தநீர் இறங்கும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. 90 நாள் தாண்டினால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. அதற்குள் நுண்குழாய்களும் அடைபட்டு, கல்லீரல் கெட்டிப்பட்டுவிடும். இதனால்தான் டாக்டர்கள் மாதத்தை விட்டு நாளை எண்ணுகிறார்கள். தாமதமாக வந்தவர்களுக்கு வாய்ப்பே இல்லை என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடவும் கூடாது. அதைச் சொல்ல வேண்டியவர் நிபுணர்.

தைவான் நாட்டில் இதற்கு ஓர் எளிய வழி செய்தார்கள். குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் மலத்தின் நிறங்களைப் படமாக அச்சிட்ட அட்டையைச் சேர்த்தார்கள். 2002-ல் சோதனையாகத் தொடங்கி, 2004-ல் நாடு முழுவதற்கும் கொண்டுவந்தார்கள். தாய் அட்டையையும் துணியையும் ஒப்பிட்டுப் பார்த்து, வெளுப்பாக இருந்தால் தகவல் சொல்ல வேண்டும். 60 நாளுக்குள் ஆபரேஷன் ஆகும் குழந்தைகளின் விகிதம் உயர்ந்தது. பிழைத்து வளரும் குழந்தைகளும் கூடினார்கள். 2012 முதல் ஜப்பானும் தாய் சேய் கையேட்டில் இந்த அட்டையைச் சேர்த்தது.

பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. ஓர் அட்டையும் தாயின் கண்ணும்தான்.

புனேயில் ஒழிந்த நோய்

வீட்டார் கவனித்தால் கல்லீரல் நோயையே விரட்டலாம் என்பதற்கு மும்பைக்குப் பக்கத்திலேயே சாட்சி உண்டு.

முன்பு நம் வீடுகளில் 'ஈரல் குலைக்கட்டி' என்றால் தாய்மார் நடுங்குவார்கள். ஒரு வயது, இரண்டு வயதுக் குழந்தைக்கு வயிறு பெருக்கும். கல்லீரல் கல் போலாகும். பெரும்பாலும் பிழைக்காது. ஒரே வீட்டில் அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் உண்டு. 19-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே கல்கத்தா டாக்டர்கள் இந்த நோயைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இந்தியாவில்தான் அதிகம் என்பதால், 'இந்தியக் குழந்தைகளின் சிரோசிஸ்' என்றே பெயர் வைத்தார்கள்.

அந்தக் குழந்தைகளின் கல்லீரலில் செம்பு அளவுக்கு மீறி இருந்தது. அது எங்கிருந்து வந்தது? புனே டாக்டர்கள் ஆனந்த் பண்டிட்டும் ஷீலா பாவேயும், இங்கிலாந்து டாக்டர் ஸ்டூவர்ட் டானரும் வீடு வீடாக விசாரித்தார்கள். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பசும்பாலையும் எருமைப் பாலையும் இளம் குழந்தைகளுக்குக் கொடுத்தது பெரிய காரணம் என்று 1983-ல் எழுதினார்கள். பாலில் செம்பு இறங்கிச் சேர்ந்துவிடுகிறது.

அதன் பிறகு தாய்மார்களுக்குப் பாத்திரத்தை மாற்றச் சொன்னார்கள். எவர்சில்வரும் அலுமினியமும் தாமாகவே அடுப்பங்கரைக்கு வந்து கொண்டிருந்தன. சில ஆண்டுகளில் அந்த நோய் அபூர்வமாகிவிட்டது. இன்றைய இளம் டாக்டர்கள் பலர் அதைப் புத்தகத்தில்தான் படிக்கிறார்கள்.

பித்தக் குழாய் அடைப்பைப் பாத்திரம் மாற்றித் தடுக்க முடியாது. ஆனால் காலத்தில் கண்டுபிடிக்கும் சக்தி அதே அடுப்பங்கரையில், அதே தாய்மார் கையில் இருக்கிறது.

நிபுணர் என்ன செய்வார்?

குழந்தைகளின் ஜீரண உறுப்புகளுக்கும் கல்லீரலுக்கும் தனி நிபுணர்கள் இருக்கிறார்கள். பெரியவர்களுக்குக் கல்லீரல் கெடுவது மதுவால், கொழுப்பால், சில கிருமிகளால். குழந்தைகளுக்கு வரும் நோய்கள் வேறு. அதனால்தான் இது தனி வைத்தியமாக வளர்ந்தது. லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் டாக்டர் அலெக்ஸ் மோவாட் 1970-களில் இதற்கென்றே ஒரு பிரிவை வளர்த்தார். நம் நாட்டில் லக்னோ சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் இதற்குத் தனித் துறை உண்டு. டில்லியில் கல்லீரல் பித்தநீர் விஞ்ஞானக் கழகம் இருக்கிறது. மும்பை பரேலில், 1929 முதல் குழந்தைகளுக்கென்றே நடக்கும் பாய் ஜெர்பாய் வாடியா ஆஸ்பத்திரியில் குழந்தைகள் கல்லீரல் கிளினிக் உண்டு. தமிழ்நாட்டில் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது.

நிபுணர் முதலில் உடனே குணமாக்கக்கூடிய நோய்களைத் தேடுவார். ரத்தத்தில் கிருமி இருக்கலாம். தைராய்டு சுரப்பி குறைவாக இருக்கலாம். பாலில் உள்ள சர்க்கரையை உடம்பு ஏற்காத பிறவிக் கோளாறு இருக்கலாம். அதற்குப் பாலையே நிறுத்தினால்தான் குழந்தை பிழைக்கும். பித்தக் குழாயில் நீர்க்கட்டி இருந்தால் ஆபரேஷனில் அகற்றுவார்கள்.

பிறகு வெறும் வயிற்றில் ஸ்கேன் எடுப்பார்கள். பித்தப்பை எப்படி இருக்கிறது என்று பார்க்க, நாலு மணி நேரம் பால் கொடுக்காமல் இருக்கச் சொல்வார்கள். தேவையானால் ஊசி மூலம் கல்லீரலில் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். "பச்சைப் பிள்ளைக்கு ஊசி குத்தி ஈரலை எடுப்பதா" என்று பலர் மறுத்து வீட்டுக்குத் திரும்பி விடுகிறார்கள். எடுப்பது நூல் அளவு. அந்தப் பரிசோதனை நோயைப் பிரித்துக் காட்டும்.

முன்னதாகவே வைட்டமின் 'கே' ஊசி போடுவார்கள். பித்தநீர் குடலுக்கு வராததால் கொழுப்போடு சேரும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேராது. 'கே' குறைந்தால் ரத்தம் உறையாது. சில குழந்தைகளுக்கு மூளையில் ரத்தம் கசிவதே முதல் அறிகுறியாகிவிடுகிறது. பிறந்த குழந்தை மஞ்சளாக இருந்து, மூக்கிலோ தொப்புளிலோ ரத்தம் வந்தால் அரை நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

சாப்பாட்டுக்கும் வழி சொல்வார்கள். பித்தநீர் இல்லாமலே ஓரளவு ஜீரணமாகும் கொழுப்பு வகை உண்டு. தேங்காய் எண்ணெயில் அது இருப்பதால், டாக்டர் சொல்லும் அளவில் உணவில் சேர்ப்பதும் நடக்கிறது. எடை ஏறுவதுதான் இந்தக் குழந்தைகளுக்கு முதல் மருந்து.

காஞ்சிபுரத்துக் குழந்தை

கசாய் ஆபரேஷன் பலன் தராத குழந்தைகளுக்கும், மிகத் தாமதமாக வந்தவர்களுக்கும், நல்ல பலன் கிடைத்துச் சில ஆண்டுகளுக்குப் பின் கல்லீரல் மீண்டும் கெடுபவர்களுக்கும் ஒரு வழி மிச்சம் இருக்கிறது. அது கல்லீரல் மாற்று ஆபரேஷன்.

1963-ல் அமெரிக்காவில் டென்வர் நகரில் டாக்டர் தாமஸ் ஸ்டார்ஸ்ல் உலகிலேயே முதன்முதலாக மனிதனுக்குக் கல்லீரல் மாற்றினார். அந்த நோயாளி பித்தக் குழாய் அடைப்புள்ள மூன்று வயதுக் குழந்தை. ரத்தப் போக்கு நிற்காமல் ஆபரேஷன் மேஜையிலேயே குழந்தை இறந்தது. வெற்றிக்கு இன்னும் நாலு ஆண்டு ஆயிற்று. 1989-ல் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரில், உயிருடன் இருக்கும் தாயின் கல்லீரலில் ஒரு துண்டை எடுத்துக் குழந்தைக்கு வைத்து வெற்றி கண்டார்கள்.

கல்லீரலுக்கு ஓர் அதிசய குணம் உண்டு. வெட்டினால் வளரும். பெரியவரின் கல்லீரலில் சுமார் நாலில் ஒரு பங்கு இருந்தால் சிறு குழந்தைக்குப் போதும். கொடுத்தவருக்குச் சில மாதங்களில் பெரும்பாலும் வளர்ந்துவிடும்.

1998-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி. டில்லி அப்பல்லோ ஆஸ்பத்திரி. பித்தக் குழாய் அடைப்போடு பிறந்து, ஒன்றரை வயது தாண்டியிருந்த ஓர் ஆண் குழந்தைக்கு, அதன் தகப்பனார் தம் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். இந்தியாவில் குழந்தைக்குச் செய்து வெற்றி பெற்ற முதல் கல்லீரல் மாற்று ஆபரேஷன் அதுதான். அந்தக் குழந்தை காஞ்சிபுரத்துக் குழந்தை. பாஷை தெரியாத டில்லிக்குப் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு வந்தவர்கள் தமிழ்ப் பெற்றோர்.

அந்தப் பிள்ளை வளர்ந்தார். படித்தார். டாக்டரானார்.

இதே துறையில் உலகப் பெயர் எடுத்த தமிழர் ஒருவரும் உண்டு. மயிலாடுதுறை வட்டாரத்தில் கிளியனூரில் பிறந்த டாக்டர் முகமது ரேலா, 1997-ல் லண்டனில், பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்குக் கல்லீரல் மாற்றினார்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1994-ம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, நெருங்கிய உறவினர் உறுப்பு கொடுக்கலாம். தாய், தந்தை, உடன்பிறந்தவர்களுடன் தாத்தா, பாட்டியும் 2011-ல் செய்த திருத்தத்தில் சேர்ந்தார்கள். விலைக்கு வாங்குவதும் விற்பதும் குற்றம்.

ஆபரேஷனோடு வேலை முடிந்துவிடாது. புது உறுப்பை உடம்பு தள்ளிவிடாதிருக்க வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டும். ஆபரேஷனுக்கும் பல லட்சம் ரூபாய் ஆகும். அதனால்தான் 60 நாளுக்குள் செய்யும் கசாய் ஆபரேஷனுக்கு இத்தனை மதிப்பு. அது சில குழந்தைகளுக்கு மாற்று ஆபரேஷனே வேண்டாமல் செய்கிறது. பலருக்குச் சில ஆண்டு அவகாசம் வாங்கித் தருகிறது. அதற்குள் குழந்தை வளர்கிறது. குடும்பமும் மூச்சு விடுகிறது.

பணத்துக்கு வழி

சம்பளக்காரனுக்கு முதல் கேள்வி பணம்தான். கடன் வாங்கும் முன் சில கதவுகளைத் தட்டிப் பார்க்கலாம்.

தொழிற்சாலையில், கடையில், கம்பெனியில் ஈ.எஸ்.ஐ. சந்தா பிடிக்கிறார்கள் என்றால், குழந்தையின் பெயரும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். பிறந்தவுடன் சேர்த்துவிடுவது நல்லது. பெரிய வைத்தியத்துக்கு வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ஏற்பாடு அதில் உண்டு. எத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பதைக் கிளை அலுவலகத்தில் முன்பே கேட்டுக் கொள்ளலாம். ரயில்வே ஊழியர்களுக்கும் மத்திய அரசு குமாஸ்தாக்களுக்கும் அவரவர் இலாகாவின் மருத்துவ வசதி உண்டு.

மகாராஷ்டிரத்தில் அறக்கட்டளைகள் நடத்தும் ஆஸ்பத்திரிகள் படுக்கைகளில் நூற்றுக்கு 10 ஏழைகளுக்கு இலவசமாகவும், 10 குறைந்த வருமானக்காரருக்குச் சலுகையிலும் ஒதுக்க வேண்டும். மும்பை ஐகோர்ட் ஒப்புதலோடு 2006 முதல் நடக்கும் திட்டம் இது. ரேஷன் கார்டும் தாசில்தார் தரும் வருமானச் சான்றும் கேட்பார்கள். ஆஸ்பத்திரியில் 'சமூக சேவகர்' என்ற பலகை உள்ள அறையில் விசாரிக்க வேண்டும். மாநில அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்கிய திட்டமும் இருக்கிறது.

ரேஷன் கார்டு இன்னும் ஊரில் இருப்பவர்களுக்கு, தமிழ்நாடு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உண்டு. வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்குக் கல்லீரல் மாற்று ஆபரேஷனுக்கும் அதில் உதவி கிடைக்கிறது. இரண்டு மாநிலத்திலும் கார்டு இல்லாமல் நிற்பவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள். பிள்ளை பிறக்கும் முன்பே, கார்டு எங்கே, யார் பெயரில் என்று பார்த்து வைப்பது புத்திசாலித்தனம்.

பாஷை தெரியாவிட்டால்

ஊரிலிருந்து புதிதாக வந்த தாய்க்கு இந்தி தெரியாது, மராத்தி தெரியாது. டாக்டர் கேட்பது புரியாமல் தலையை ஆட்டிவிடுகிறாள். மஞ்சள் காமாலைக்கு இந்தியில் 'பீலியா'. மராத்தியில் 'காவீள்'. இந்தியில் 'பேஷாப்' என்றால் சிறுநீர். 'டட்டி' என்றால் மலம். 'சஃபேத்' என்றால் வெள்ளை. 'டட்டி சஃபேத் ஹை' என்ற மூன்று வார்த்தை தெரிந்தால் போதும், டாக்டர் மற்றதைப் பார்த்துக் கொள்வார்.

வார்த்தையே வேண்டாம் என்றாலும் வழி உண்டு. குழந்தையின் அழுக்குத் துணியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போகலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டாக்டர்கள் அதைத்தான் பார்க்க விரும்புகிறார்கள். பிறந்த ஆஸ்பத்திரியின் சீட்டு, ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

பிள்ளை ஊரில் இருந்தால், மும்பைக்குக் கொண்டுவரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். அருகில் உள்ள அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவுக்குப் போகச் சொல்ல வேண்டும். திருநெல்வேலியிலும் மதுரையிலும் அவை இருக்கின்றன. அங்கிருந்து எங்கே அனுப்ப வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள்.

காலண்டரில் பிள்ளை பிறந்த தேதியைச் சுற்றி வட்டம் போடும் தகப்பனார், அதிலிருந்து பதினைந்தாம் நாளிலும் ஒரு வட்டம் போட்டுக் கொள்ளட்டும். அன்றைக்கு ஊருக்குப் போன் செய்து, "சாப்பிட்டியா, தூங்கினியா, பிள்ளை அழுதா" என்று கேட்பதோடு இன்னும் இரண்டு கேள்வி கேட்கட்டும்.

"மஞ்சள் மாறிடுச்சா?"

"துணியிலே என்ன நிறம்? வெளிச்சத்திலே வச்சு ஒரு போட்டோ அனுப்பு, பார்க்கிறேன்."